வாசலில் வைத்த இங்கிலீஷ்

எஸ்டேட் ஆபீஸ், வித்துரா வழி
9.2.1998

முத்தாரம்மாளுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ கேட்கவில்லைதான், தெரிவிப்பது என் கடமை. தம்பானூரில் பஸ் பிடித்து, வித்துராவில் இறங்கி, எஸ்டேட் ஜீப் கிடைக்காமல் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு மலையேறினேன். ஞாயிற்றுக்கிழமை உன்னையும் மீனுவையும் பார்க்க வந்துவிட்டு, வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பியது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

அப்படி நான் செய்த குற்றம்தான் என்ன? நீ ரிசப்ஷனில் இருக்கும் லாட்ஜின் வாசலில் ஒரு கரும்பலகை. அதில் உன் கையெழுத்தில், ‘பை காட்ஸ் கிரேஸ் ஆல் ரூம்ஸ் ஆர் ஃபுல். கைண்ட்லி அட்ஜஸ்ட் அண்ட் கம் அகெய்ன்.’ ஒரு எஸ்டேட் ஆபீஸில் சூப்பிரண்டாக இருக்கிறவன் இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா போவான்? ‘நோ வேக்கன்சி’ என்று எழுதினேன். உலகம் பூராவும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கர்ச்சீப்பால் துடைத்தது தப்பு என்றால், டஸ்டர் வாங்கி வைக்காதது லாட்ஜின் தப்பு.

நாலு பேர் சிரித்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் அந்த வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். உன்னைப் பார்த்து அல்ல.

யோசித்துப் பார்த்தேன். ஊரார் சிரிக்கும்படியான வேலை நமக்கு எதற்கு? மீனுவுக்குப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். குவார்ட்டர்ஸ் சும்மாதான் கிடக்கிறது. மீனுவை வித்துராவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே புதிதாக வந்திருக்கும் மேனேஜர் பெங்களூர்ப் பையன். ‘மீட்டிங் இஸ் ப்ரீபோன்ட்’ என்கிறான். அப்படி ஒரு சொல்லே கிடையாது சார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

சிவதாணு

ஸ்ரீவராகம்
14.2.1998

அத்தானுக்கு,

நானும் மீனுவும் சுகம். அவள்தான், “அம்மே, அப்பா பிணங்கிப் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிணக்கம் அப்பாவுக்கு இல்லை மக்களே, அம்மாவுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம், என்னைப் பார்த்து இல்லையாம். நல்ல நியாயம்! அந்த வாக்கியம் தன்னால் முளைத்து வந்ததா? மதுரைக்காரக் குடும்பம் ஒன்று பெட்டியோடு நிற்கிறது. முதலாளியின் மருமகன் ஸ்ரீகுமார் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நீங்கள் கர்ச்சீப்பை எடுத்து, சளி துடைக்கிற மாதிரி என் எழுத்தைத் துடைக்கிறீர்கள். என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது.

இது இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்ததா? என் தம்பி கல்யாணத்தில் ‘கசின் பிரதர்’ என்று ஒருத்தரை அறிமுகப்படுத்தினேன். பந்தலில் வைத்தே பாடம் நடத்தினீர்கள். மீனுவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, டாக்டரிடம் ‘டுடே மார்னிங்’ முதல் காய்ச்சல் என்றேன். பிள்ளை மடியில் துவண்டு கிடக்கிறாள், நீங்கள் ‘திஸ் மார்னிங்’ என்று எடுத்துக் கொடுக்கிறீர்கள். டாக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே மருந்தைத்தான் எழுதினார்.

அந்தப் பலகையில் ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானால் அம்மா ‘அரிசி இல்லை’ என்று சொல்லவே மாட்டாள். ‘அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்’ என்பாள். உங்கள் அம்மாவும் அப்படித்தான். வாசலில் நின்று இல்லை என்று சொல்லக் கூடாது என்று பழகிய வாய் எனக்கு. அதைத்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்.

இனிமேல்தான் விஷயம். முதலாளி வேலாயுதன் அண்ணாச்சி திருநெல்வேலியிலிருந்து வியாழக்கிழமை திரும்பினார். ஸ்ரீகுமார் உங்கள் ‘நோ வேக்கன்சி’யை அழியாமல் பாதுகாத்து வைத்திருந்து காட்டிவிட்டான். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. சின்னதாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. “எம்மா, வெளியூர் ஆளு வாற எடம். அம்மன் கோயில் பொங்காலை வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் கவுண்டருக்கு ஸ்ரீகுமாரே இருக்கட்டுமா, என்ன சொல்லுத?” என்று கேட்டார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அத்தான். பஸ்ஸிலும் ரயிலிலும் அலுத்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தை. வேலையை நானாக விட மாட்டேன். நீங்கள் போக வைத்தால் அதை மறக்கவும் மாட்டேன்.

முத்தாரம்மாள்

எஸ்டேட் ஆபீஸ்
20.2.1998

முத்தாரம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வேலையைப் பறிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மேலே வா என்றுதான் சொன்னேன். துரத்துகிறார்கள் என்றால் அது வேறு. சிவதாணுவின் பெண்சாதியை இங்கிலீஷ் தெரியவில்லை என்று எவனும் எழுப்பிவிடக் கூடாது.

ஆகவே ஒரு முழுத்தாளில் வேண்டியதெல்லாம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார். யார் வந்தாலும் ‘மே ஐ ஹெல்ப் யூ?’ என்று ஆரம்பி. ‘வாட் இஸ் யுவர் குட் நேம்’ என்று மட்டும் கேட்டுவிடாதே. நல்ல பெயர் என்று ஒன்று இருந்தால் கெட்ட பெயர் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? முதலாளி ஊரில் இல்லாவிட்டால் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று சொல்லாதே. அவர் ரயில் இல்லை. ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது. இதையெல்லாம் உன் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதுகிறேன்.

இங்கே மேனேஜர் ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வந்திருக்கிறான். கடிதங்களை அவனே அடித்துக்கொள்கிறான். போன மாசம் கம்பெனிக்கு ஒரு டிராஃப்ட் வைத்தேன். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பித்திருந்தேன், எப்போதும் போல. “ஹூ ஆர் யூ பெக்கிங், மிஸ்டர் தாணு?” என்று கேட்டுவிட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டான். கூட இருந்த கிளார்க்குகள் சிரித்தார்கள். போகட்டும், சின்ன வயசு.

சிவதாணு

ஸ்ரீவராகம்
1.3.1998

அத்தானுக்கு,

உங்கள் முழுத்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். முயற்சி பண்ணாமல் அனுப்பவில்லை. நேற்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வயசான தம்பதி வந்தார்கள், பத்மநாபசாமியைச் சேவிக்க. ஸ்ரீகுமார் பக்கத்தில் நிற்கிறானே என்று நிமிர்ந்து உட்கார்ந்து ‘மே ஐ ஹெல்ப் யூ?’ என்றேன். அந்தப் பாட்டையா மிரண்டுபோய் ஓர் அடி பின்னால் வைத்தார். “ஏம்மா, இங்க தமிழ் ஆளு யாரும் இல்லியா?” என்றார். அந்த அம்மா அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறாள். நான் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய், “வாங்க பெரியம்மா, காப்பி குடிச்சேளா?” என்று கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

குட் நேம் இருந்தால் பேட் நேம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு வாசலில் வைத்து எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தீர்களே, அதுதான்.

சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் கடைசிப் பத்தி மனசில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. கிளார்க்குகள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வலித்ததா அத்தான்? வலித்திருக்கும். இத்தனை வருஷம் அந்த ஆபீஸுக்கே நீங்கள்தான் இங்கிலீஷ். அந்தப் பயலுக்கு என்ன தெரியும்? எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அது தனி. அவன் கோடு போட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த முழுத்தாளை முத்து முத்தாக, அடிக்கோடெல்லாம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸில் தலை நிமிர நேரம் இல்லை என்று சொல்கிற மனுஷருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? அங்கே என்ன நடக்கிறது?

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். நாம் இரண்டு பேரும் பார்த்தது போதும். பதில் எழுதுங்கள்.

முத்தாரம்மாள்

எஸ்டேட் ஆபீஸ்
7.3.1998

முத்து,

இங்கே ஒன்றும் இல்லை. தேயிலைக் கொழுந்து குறைவு. அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் மேலே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவசரம் இல்லை. இப்போதைக்கு அங்கேயே இருங்கள். மீனுவின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம். நீ அந்த வேலையை எப்படியாவது பிடித்துக்கொள். ஸ்ரீகுமாரிடம் வாய் கொடுக்காதே.

பொங்காலைக்கு நெரிசலாக இருக்கும். மீனுவைத் தனியாக விடாதே.

சிவதாணு

ஸ்ரீவராகம்
16.3.1998

அத்தானுக்கு,

‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினால் நான் நம்பிவிடுவேனா? வேலையை விடு என்றவர் வேலையைப் பிடித்துக்கொள் என்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இதைக் கேளுங்கள், நேரில் சொல்ல முடியவில்லையே என்று நாக்கு துடிக்கிறது.

பொங்காலைக்கு முந்தின நாளே பழவங்காடியில் கால் வைக்க இடம் இல்லை. நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலி என்று பெண்கள் தெருவில் பொங்கல் வைக்கச் செங்கலும் பானையும் விறகுமாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நம் லாட்ஜில் அறை எல்லாம் நிரம்பிவிட்டது. ஸ்ரீகுமார் உங்கள் ‘நோ வேக்கன்சி’யைப் பெரிதாக எழுதி வாசலிலேயே தூக்கி வைத்தான். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொருத்தியும் படியேறி வந்து கேட்கிறாள், அவன் ஒவ்வொருத்தியிடமும், “இல்ல, இல்ல, இல்ல” என்கிறான்.

எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே போனேன். “இருக்கு, வாங்க” என்றேன். எங்கே இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது! நம் தெருவில் செல்லபாய் அக்காவிடம் கேட்டேன், அவள் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். சேஷன் மாமா வீட்டில் குளிக்கக் குளிமுறியும் படுக்கத் தளமும் தந்தார்கள். ஒவ்வொரு கூட்டமாக ஸ்ரீவராகத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். நம் வீட்டிலும் வள்ளியூர்க்காரிகள் ஒரு கூட்டம், மீனு அவர்களுக்கு மலையாளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, பொங்காலை அன்றைக்கு, அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, தலையில் பானையோடு, கொஞ்சம் உட்கார இடம் உண்டா என்று கேட்கிறாள். ஸ்ரீகுமார் பார்க்காமலே “இல்ல” என்றான். அண்ணாச்சிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“ஏல, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நின்னுக்கிட்டு இல்ல இல்லங்கியே, வெளங்குமால? எங்கப்பா அரிசிக் கடையில மூட்டை தீந்து போனாக்கூட நாளைக்கு வருதுன்னுதான் சொல்லுவாரு!”

“பின்ன எந்து பறையணும் மாமா? ரூம் இல்லல்லோ. போர்டுலயும் அதுதானே எழுதியிருக்கு” என்றான் ஸ்ரீகுமார்.

“போர்டுலயுமா?” அண்ணாச்சி எழுந்தே விட்டார். அந்த இரண்டு சொல்லுக்கும் இல்லை என்றுதான் அர்த்தம் என்று அவருக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு மாசமாக, அறை நிரம்பினபோதெல்லாம், பிள்ளையார் படத்துக்குக் கீழே ‘இல்லை’ என்று எழுதி வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துவிட்டு, “எம்மா, நீ முன்னால என்னமோ எழுதியிருந்தியே, அதுல என்ன போட்டிருந்துச்சு?” என்று கேட்டார். தமிழில் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கவுண்டரில் இனிமேல் நான்தான். ஸ்ரீகுமாரை உள்ளே கணக்குக்குப் போட்டாயிற்று. அவனுக்கும் அதுதான் நிம்மதி, பாவம்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இங்கிலீஷ் சரி, என்னுடையது தப்பு, அது எனக்கே தெரியும். இப்போது என் வாக்கியத்தையே, அறை நிரம்பும் நாளெல்லாம் வைப்பதற்கு, தகரத்தில் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள். ‘கிரேஸ்’ஸுக்குப் பெரிய எழுத்து போட வேண்டுமா என்று பெயிண்டர் கேட்கிறார். நான் உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் பதில் எழுதுகிறவரை அந்தத் தகரம் வெறுமனே நிற்கும்.

அங்கே என்ன நடக்கிறது? இந்தத் தடவை மறைக்காதீர்கள்.

முத்து

எஸ்டேட் ஆபீஸ்
25.3.1998

அன்புள்ள முத்து,

சின்ன எழுத்தே போதும். ‘கைண்ட்லி அட்ஜஸ்ட்’டும் இருக்கட்டும். வருகிறவர்களுக்குப் புரியும்.

எஸ்டேட்டை நிறுத்திவிட்டார்கள். மாசி தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. உன் வேலையை விடு என்று எழுதிய கையால் என் வேலை போகிறது என்று எப்படி எழுதுவேன்?

போன வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, நோட்டீஸை மட்டும் நீங்களே எழுதிவிடுங்கள் மிஸ்டர் தாணு, உங்கள் பழைய ஸ்டைல்தான் இதற்குப் பொருந்தும் என்றான். நானும் எழுதினேன். முத்து, அந்த மாதிரி ஒரு நோட்டீஸை நான் என் சர்வீஸில் எழுதியதில்லை. ஒரு கமா இடம் மாறவில்லை. பாக்டரிச் சுவரில் நானே போய் ஒட்டினேன். ஒட்டி முடித்துத் திரும்பினால் எல்லாரும் நிற்கிறார்கள். பிச்சைக்கனி, நம் குவார்ட்டர்ஸுக்கு விறகு கொண்டு வருவானே, அவன் முன்னால் வந்து, “என்னமோ ஒட்டிருக்கியளே சார், என்ன போட்டிருக்கு?” என்றான்.

ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘இல்லை’யை அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. அவன் மகள் இசக்கிசெல்வி இடுப்பில் கைப்பிள்ளையோடு பின்னால் நின்று என் வாயையே பார்க்கிறாள். கடைசியில், “இப்ப நிக்குது பிச்சைக்கனி. எப்பத் தெறப்பாங்கன்னு எனக்கே தெரியாது. தெறந்தா மொதல்ல ஒனக்குத்தான் ஆள் விடுவேன். பாக்கிச் சம்பளத்துக்கும் லீவுச் சம்பளத்துக்கும் நானே எழுதித் தாறேன்” என்று சொன்னேன். ஒரு வாரமாக அந்த மனுக்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொருத்தருக்காக. தமிழில் சொல்கிறார்கள், இங்கிலீஷில் எழுதுகிறேன், மறுபடி தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். சரியா என்று அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

நீ வாசலில் எழுதி வைத்ததை நான் ஏன் துடைத்தேன்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆபீஸில் என் எழுத்தை ஒருத்தன் துடைக்க ஆரம்பித்திருந்தான். உன் எழுத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது முத்து.

இந்த வயசில் எங்கே போய் என்ன வேலை கேட்பது என்று தெரியவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தெரியவில்லை.

சிவதாணு

ஸ்ரீவராகம்
30.3.1998

அன்புள்ள அத்தானுக்கு,

என் முகத்தில் எப்போதும் போல விழிக்கலாம், அது அங்கேயேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு எனக்குக் ‘குட் நேம்’ பாடம் எழுதிக்கொண்டிருந்தீர்களே! படித்துவிட்டு அழுதேன். பிறகு உங்களை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

பிச்சைக்கனியிடம் நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. அந்த மனுக்களை முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதியில் விட்டுவிட்டு வரக் கூடாது.

வேலை விஷயம். நான் வேலாயுதன் அண்ணாச்சியிடம் பேசினேன். உங்களைக் கேட்காமல்தான் பேசினேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் யாத்திரைக் கம்பெனிகள் இங்கிலீஷில் கேட்டு எழுதுகிறார்கள். ஸ்ரீகுமார் அவர்களுக்கு இரண்டு வரி பதில் போடுவான், அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவதில்லை. இதைச் சொன்னேன். அண்ணாச்சி யோசித்துவிட்டு, “நோ வேக்கன்சிக்காரருதான? அதை மட்டும் எழுத மாட்டாருன்னா வரச் சொல்லு” என்றார். மாடி அறையில் மேசை போட்டுத் தருவார். எஸ்டேட் சம்பளம் இங்கே கிடைக்காது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

என் பக்கத்திலும் நிபந்தனை உண்டு. மாடி உங்களுடையது, கவுண்டர் என்னுடையது. என் வாயிலிருந்து வருவதை நாலு பேர் முன்னால் திருத்தக் கூடாது. வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சில நேரம் கேட்காமலும் இருப்பேன்.

உங்களுக்கு நான் இதுவரைக்கும் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியதில்லை. பயம், வேறென்ன? இன்றைக்கு அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மீனுவிடம்கூட காட்டாமல் எழுதுகிறேன்.

மை டியர் ஹஸ்பண்ட், வீ ஆர் மிஸ்ஸிங் யூ வெரி மச். யுவர் டாட்டர் இஸ் டெய்லி ஆஸ்கிங் வென் யூ வில் கம். ஐ யாம் ஆல்சோ ஆஸ்கிங். கம் சூன் ஒன்லி.

முத்து

எஸ்டேட் ஆபீஸ்
3.4.1998

அன்புள்ள முத்து,

நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். அண்ணாச்சியிடம் நான் வருவதாகச் சொல்லிவிடு. மனுக்கள் முடிந்துவிட்டன. நேற்று பிச்சைக்கனியும் மற்றவர்களும் வித்துராவில் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேருவேன்.

இங்கிலீஷ் வரிகளைப் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், பழக்க தோஷம், பேனா தன்னால் கைக்கு வந்துவிட்டது. எங்கெங்கே இடறுகிறது என்று பார்த்த உடனே தெரிந்தும் விட்டது. ஆனால் ‘ஐ யாம் ஆல்சோ ஆஸ்கிங்’ என்ற இடத்துக்கு வந்ததும் கண் கலங்கி, அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நானும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் முத்து.

சிவதாணு